ஃபேர்லேடி 240 இசட்-ஜி: 1/24 கிட்டை ஒட்டி, தாழ்த்தி, ஆரஞ்சு அடிப்பது எப்படி

பிளாஸ்டிக் மாடல் கார் கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் பெட்டி) வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, விளக்கத்தாளைப் பிரித்து முதல் படத்திலிருந்தே ஒட்ட ஆரம்பிப்பதுதான். முதல் படம் அநேகமாக எஞ்சினாகவோ அடிச்சட்டமாகவோ இருக்கும். இரண்டு மூன்று வாரம் அதிலேயே ஓடிவிடும். பிறகு "சீக்கிரம் முடிக்கணும்" என்ற அவசரத்தில் ஒரே மாலையில் பாடிக்கு பெயிண்ட் அடிப்பார்கள். ஷோகேஸில் வைத்தபின் கண்ணில் படுவது அந்த பாடி மட்டுமே. எஞ்சினை யாரும் கவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை.

அதனால் இங்கே வரிசையைத் தலைகீழாக்குகிறேன். பாடியில் தொடங்குகிறோம். ஒவ்வொரு பூச்சும் காய்கிற நாட்களில் மற்ற வேலைகளை முடிக்கிறோம்.

எந்த கார், ஏன்

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது நிஸான் ஃபேர்லேடி 240 இசட்-ஜி. 1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமான எஸ்30 வரிசையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இந்த வரிசைக் கார் டட்ஸன் 240 இசட் என்ற பெயரில் 3,526 டாலருக்கு விற்று, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் வியாபாரத்தைக் கலக்கியது. 2,393 சி.சி. எல்24 எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். 1971 அக்டோபரில் ஜப்பானியச் சந்தைக்கு வந்த இசட்-ஜியில் நீளமான மூக்கும், சக்கரங்களுக்கு மேல் திருகி மாட்டிய ஓவர்ஃபெண்டர்களும் சேர்ந்தன. மூக்கால் காரின் நீளம் 4,305 மி.மீ. ஆனது. 1/24 அளவில் அது சுமார் 179 மி.மீ., அதாவது உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தொடும் நீளம்.

இந்தக் காரை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தாழ்த்துவது, வாட்டநாபே என்ற பிராண்டின் எட்டு ஆரக்கால் சக்கரம் போடுவது, பளிச்சென்று நிறம் மாற்றுவது எல்லாம் எஸ்30 வைத்திருப்பவர்கள் நிஜமாகவே செய்பவை. நம் கற்பனை எல்லை மீறினாலும் கார் நம்பும்படியாக இருக்கும். அதே வேலையை ஒரு ஃபெராரி 250 ஜிடிஓவில் செய்தால் பார்ப்பவர் முகம் சுளிப்பார்.

டாமியா, ஃபுஜிமி, ஆவோஷிமா என்ற மூன்று கிட் நிறுவனங்களிலும் எஸ்30 கிட் கிடைக்கும். முதல் கார் என்றால் டாமியா. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற இரண்டிலும் கொஞ்சம் உப்புத்தாள் வேலை கூடும், ஆனால் மாற்றியமைக்க விரும்புகிறவருக்கு அது பெரிய குறையில்லை.

மேசையில் என்ன வேண்டும்

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் நல்ல நிப்பர், புது பிளேடுகளுடன் ஒரு கத்தி, கூர்மையான இடுக்கி, 400 முதல் 3000 வரை வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட மென்மை), மாஸ்கிங் டேப். பசையில் இரண்டு வகை: பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மெல்லிய சிமெண்ட் ஒன்று, ஜன்னல் போன்ற தெளிவான பாகங்களுக்கு சாதாரண ஃபெவிகால். ஜன்னலுக்கு ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி பால் போல மங்கிவிடும்.

ஹார்டுவேர் கடை என்சி தின்னரை பாடியின் மேல் காட்டாதீர்கள். கிட்டின் பாலிஸ்டைரீன் அதில் உருகும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் கருவி) கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு அது நன்றாகவே உதவும். டிங்கரிங் பட்டறைகளில் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியரும் (நிறமற்ற மேல்பூச்சு) வீட்டுக்கு ஆகாது. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரண ஹாபி ஸ்ப்ரேவுக்கே ஜன்னலைத் திறந்து, கரி வடிகட்டி உள்ள முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

முதல் படி: டேப் போட்டு நிறுத்திப் பார்ப்பது

பாகங்களை எண்ணிச் சரிபார்த்த பிறகு பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

பிறகு எதையும் ஒட்டாமல், மாஸ்கிங் டேப்பில் அடிச்சட்டம், சக்கரம், பாடி மூன்றையும் சேர்த்து ஒரு சமதளக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்துங்கள். பாடி எவ்வளவு இறங்க வேண்டும், சக்கரம் எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பெயிண்ட் அடித்தபின் அறுப்பதும் ராவுவதும் வேதனை.

இங்கே ஒரு கணக்கு உதவும். 1/24 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 24 மி.மீ. ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்த்தினால் நிஜக் காரை 36 மி.மீ. இறக்கியதற்குச் சமம். தெருவில் ஓடும் காருக்கு அது அழகான அளவு. மூன்று மில்லிமீட்டர் இறக்கினால் 72 மி.மீ. ஆகிவிடும், வேகத்தடை ஏற முடியாத கார். சக்கரத்துக்கும் அதே கணக்கு: 14 அங்குல ரிம் 14.8 மி.மீ., 15 அங்குலம் 15.9 மி.மீ., 17 அங்குலம் 18 மி.மீ. விட்டம் வரும். எஸ்30க்கு 15 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி. 17 போட்டால் அந்தக் கால கார் இந்தக் கால செருப்பு போட்டது போல இருக்கிறது.

தாழ்த்தும் வழி கிட்டுக்குக் கிட்டு மாறும். பொதுவாகச் சொன்னால், சக்கரத்தின் அச்சாணி உட்காரும் துளையை ஸ்டைரீன் குச்சியால் அடைத்து, காய்ந்தபின் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே புதுத் துளை போடுவது. நான்கு பக்கமும் ஒரே அளவு என்று உறுதி செய்ய, துளையிடும் முன் ஒரு அட்டைத் துண்டில் அளவுகோலாக ஒரு துளை வெட்டி, அதையே நான்கிலும் வைத்துக் குறியுங்கள். கண் அளவில் போட்டால் மூன்று சக்கரம் தரையைத் தொடும், நான்காவது காற்றில் நிற்கும்.

சக்கரத்தின் வெளி முகம் ஓவர்ஃபெண்டர் விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். உள்ளே அதிகம் போயிருந்தால் அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகட்டில் வட்டம் வெட்டி ஹப்புக்கும் (அச்சில் சக்கரம் மாட்டும் இடம்) ரிம்முக்கும் நடுவே வையுங்கள். தாழ்த்தியிருந்தாலும் சக்கரம் உள்ளொடுங்கி நின்றால் கார் வெட்கப்படுவது போலத் தெரியும். ஓவர்ஃபெண்டர் போட்ட காரில் இந்தக் குறை உடனே கண்ணை உறுத்தும்.

இரண்டாம் படி: பாடியைத் தயார் செய்வது

இதில்தான் அதிக நேரம் போக வேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். கார் பாடிகளில் அது பெரும்பாலும் முன் ஃபெண்டரின் மேல்முதுகில் தொடங்கி, ஜன்னல் தூண் வழியாக ஏறிப் பின்னால் இறங்கும். விரலுக்குத் தெரியாது, பெயிண்ட் அடித்தபின் பளபளப்பில் மட்டும் தெரியும். 600 வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஃபெண்டரின் கூர்மையான விளிம்பை மழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இசட்டின் அழகே அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

கதவு, பானட், பின்கதவு ஆகியவற்றின் இடைக்கோடுகளை இப்போதே ஆழப்படுத்துங்கள். பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), நிறம், கிளியர் என்று பல பூச்சு ஏறும்போது ஆழம் குறைந்த கோடுகள் நிரம்பிக் காணாமல் போகும். பிளேடின் முதுகுப் பக்கத்தால், அழுத்தாமல், ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தால் போதும். ஒரே இழுப்பில் ஆழமாக்கப் பார்த்தால் பிளேடு வழுக்கிக் கதவுக்குக் குறுக்கே கோடு போடும். எனக்கு அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது.

குழிகளுக்குப் பட்டி வைக்க வேண்டியிருந்தால் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். மாதங்கள் கழித்துச் சுருங்கி, பளபளவென்று முடித்த பாடியில் ஒரு பள்ளம் தோன்றும்.

ஓவர்ஃபெண்டர் தனிப் பாகமாக வந்தால் அதற்கும் பாடிக்கும் இடையே தெரியும் கோட்டை பட்டியால் மூடாதீர்கள். நிஜக் காரில் அது மாட்டிய பாகம், கோடும் ஆணித் தலைகளும் தெரியத்தான் வேண்டும். மூக்கு பாடியோடு சேருமிடமும் அப்படித்தான். பழக்கதோஷத்தில் எல்லா இடைவெளியையும் நிரப்புகிறவர்கள் இந்தக் காரில் தவறுவது இங்கேதான்.

மூன்றாம் படி: பிரைமரும் நிறமும்

முதலில் சாம்பல் பிரைமர். விட்டுப்போன கீறல், கோடு எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். திருத்திய பிறகு, ஆரஞ்சு அடிக்கப் போகிறோம் என்பதால் மேலே வெள்ளை பிரைமர். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு மூன்றும் அடியில் இருப்பதை மறைக்கத் தெம்பில்லாத நிறங்கள். சாம்பலின் மேல் நேராக அடித்தால் ஆரஞ்சு அழுக்காகத் தெரியும். சிவப்புக்கு இளஞ்சிவப்பு பிரைமர் இன்னும் நன்றாக எடுபடும்.

இசட்-ஜி என்றாலே பலருக்கும் மனதில் வருவது மரூன். நான் தேர்ந்தெடுத்தது அமெரிக்க 240 இசட்டின் 918 என்ற குறியெண் கொண்ட ஆரஞ்சு. ஜப்பானிய மூக்கும் அமெரிக்க நிறமும் ஒன்று சேர்வதுதான் இந்த கிட்டின் தனித்தன்மை. டாமியாவின் டிஎஸ்-12 ஆரஞ்சு என் கண்ணுக்குப் போதுமான அளவு நெருக்கம். நேராக பாடியில் அடிக்காமல் முதலில் நாலைந்து பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்து, டியூப்லைட்டிலும் வெயிலிலும் வைத்துப் பாருங்கள். ஸ்பூனின் வளைவு ஃபெண்டர் வளைவைப் போலவே ஒளியை வாங்கும். நிஜக் கார் டச்சப் பெயிண்ட்டின் மெட்டாலிக் நிறங்கள் வேண்டாம். அந்த மினுக்குத்துகள் 1/24 அளவில் ஜிகினா ஒட்டியது போல இருக்கும்.

அடிக்கும் முறை: முதல் இரண்டு பூச்சு வெறும் தூவல். அடியில் உள்ளது தெரிந்தால் தெரியட்டும். பத்து நிமிட இடைவெளியில் மூன்றாவது, நான்காவது பூச்சு ஈரமாக. ஸ்ப்ரேயை பாடிக்கு வெளியே தொடங்கி, பாடியைக் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். பாடியின் மேலேயே தொடங்கினால் முதல் துப்பல் அங்கே விழும்.

டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சென்னை, மதுரை வெயிலில் அது தேவையே இல்லை. நமக்கு வரும் சிக்கல் வேறு. வெயில் காலத்தில் பெயிண்ட் பாடியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, சொரசொரவென்று மணல் தூவியது போல விழும். அதற்கு 25 செ.மீ. தூரத்திலிருந்து 15 செ.மீ.க்கு நெருங்கிவாருங்கள். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் தின்னரில் சில துளி ரிடார்டர் சேர்க்கலாம். அது காய்வதை மெதுவாக்கும்.

மழைக்காலத்தில் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நவம்பர் இரவு, வெளியே தூறிக்கொண்டிருக்க, முடித்துவிட வேண்டும் என்ற வெறியில் கிளியர் கோட் அடித்தேன். காலையில் பார்த்தால் பானட் முழுக்க விபூதி பூசியது போல வெள்ளை பூத்திருந்தது. லாக்கர் பெயிண்ட்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிட்டு, காற்றின் ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்வதால் வருவது அது. உடனே உரிக்கத் தேவையில்லை. காய்ந்த நாள் ஒன்றில், வெயில் ஏறியபின், இன்னொரு ஈரமான பூச்சு அடித்தால் மேல் அடுக்கு கரைந்து வெள்ளை பெரும்பாலும் போய்விடும். எனக்குப் போயிற்று, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

நான்காம் படி: டீக்கல், கிளியர், பாலிஷ்

நிறம் இரண்டு நாள் காய்ந்தபின் டீக்கல் (நனைத்து ஒட்டும் அச்சடித்த படலம்). வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நிமிடம் நனைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்கி, ஈரமான பிரஷ்ஷால் இடம் சேருங்கள். வளைவுகளில் டீக்கல் மென்மையாக்கி ஒரு துளி வைத்தால் தானே படிந்துகொள்ளும். வைத்தவுடன் சுருங்கி நெளியும். பயந்து தொடாதீர்கள், காய்ந்ததும் நேராகும்.

டாமியாவின் டிஎஸ்-13 போன்ற லாக்கர் கிளியர் டீக்கலைக் கரைக்கும் வலிமையுள்ளது. எனவே டீக்கல் ஒரு நாள் நன்றாகக் காய்ந்தபின், முதல் மூன்று பூச்சும் வெறும் மூடுபனி போல. ஒவ்வொன்றுக்கும் இடையே அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் ஈரமான பூச்சு.

அடுத்தது ஒரு வாரம் தொடாமல் இருப்பது. இந்தப் பொழுதுபோக்கிலேயே கஷ்டமான வேலை இதுதான். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், மூக்கால் பாருங்கள். பாடியை முகர்ந்தால் பெயிண்ட் நெடி வந்தால் இன்னும் காயவில்லை. நெடி போனபின் 2000, பிறகு 3000 வாட்டர் பேப்பர், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு. கமலா ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் மறைந்து, மேற்பரப்பு ஒரே சீராக மங்கும்வரை. ஃபெண்டர் விளிம்புகள், கதவுக் கோட்டின் ஓரங்கள், ஆணித் தலைகள் எல்லாவற்றிலும் பெயிண்ட் மெல்லிசு. அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத் தேயுங்கள். அதன்பின் கரடு, நடுத்தரம், மென்மை என்று மூன்று பாலிஷ் காம்பவுண்டில் துணிபோட்டுத் துடைத்தால் மேலே இருக்கும் டியூப்லைட் நெளியாமல் நேராகத் தெரியும்.

விளிம்பில் தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்த்தால் அதே ஆரஞ்சை மூடியில் கொஞ்சம் அடித்து, நுனி பிரஷ்ஷால் தொட்டுவைக்கலாம். பாடி முழுதும் கெட்டுப்போனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓரிரவு ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் உரிந்துவரும்.

இடைப்பட்ட நாட்களில்

கிளியர் காயும் அந்த வாரத்தில் அடிச்சட்டமும் உள்புறமும் முடிந்துவிடும். அடிச்சட்டம் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தால் பொம்மை போலத் தெரியும். மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள்: சட்டத்துக்கு அரை மினுக்குக் கறுப்பு, ரப்பர் பாகங்களுக்கு மங்கல் கறுப்பு, எக்ஸாஸ்டுக்குக் கொஞ்சம் பழுப்பு கலந்த சாம்பல். எக்ஸாஸ்ட் குழாயின் முனையைச் சிறு டிரில்லால் குடைந்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை, ஆனால் கவனிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சீட் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பையே இரண்டு மில்லிமீட்டர் பட்டையாக வெட்டிக் கறுப்படித்தால் போதும். ஜப்பானியக் காராகச் செய்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம், அமெரிக்கக் காராகச் செய்தால் இடப்பக்கம். இசட்-ஜி மூக்கோடு இடப்பக்க ஸ்டீயரிங் வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காரணம் கேட்பவர்களுக்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டநாபே சக்கரங்களைக் குரோமாக விடாதீர்கள். அடர்சாம்பல் உலோக நிறம்தான் அவற்றுக்கு எடுப்பு. கிட்டின் குரோம் பூச்சை நீக்க வேண்டுமானால், துணிக்குப் போடும் ப்ளீச்சில் சற்று நேரம் ஊறவைத்தால் கழன்றுவிடும். டயரின் நடுவே ஓடும் அச்சுக் கோட்டை 400 தாளில் தேய்த்து எடுங்கள். அதனால் டயரின் பளபளப்பும் போய், ரோட்டில் ஓடியது போல ஆகிவிடும்.

ஐந்தாம் படி: குரோம் பட்டைகளும் ஜன்னலும்

முன் கண்ணாடியைச் சுற்றியும், கூரையோர மழைநீர்க் கால்வாயிலும் மெல்லிய உலோகப் பட்டை உண்டு. இதை பிரஷ்ஷால் வெள்ளி அடித்துச் சமாளிக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள், எல்லோருக்கும் கை நடுங்கும். பேர்-மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் தகடுதான் இதற்குத் தீர்வு. பட்டையை விட அகலமாக வெட்டி வைத்து, பல்குத்தியால் அழுத்தித் தேய்த்து, புத்தம்புது பிளேடால் ஓரம் வெட்டி, மிச்சத்தை உரித்தெடுப்பது. பிளேடு சற்று மழுங்கினாலும் ஃபாயில் கிழியும். ஒரு காருக்கு மூன்று பிளேடு செலவானால் அது வீணில்லை.

ஜன்னல்களின் கறுப்பு ஓரத்தை உள்பக்கமாகவே அடியுங்கள், வெளியே பளபளப்பு கெடாது. ஃபெவிகாலில் ஒட்டி, இரவு முழுக்க விடுங்கள்.

கதவு, பானட் கோடுகளுக்கு லைனர் (கோட்டில் தானே ஓடி நிரம்பும் நீர்த்த பெயிண்ட்) விடும்போது கறுப்பு வேண்டாம். ஆரஞ்சுக் காருக்கு அடர் பழுப்பு. வெள்ளைக் காருக்குச் சாம்பல். கறுப்பு விட்டால் கார்ட்டூன் படம் போல ஆகும்.

கடைசியாக

பாடியை அடிச்சட்டத்தில் இறக்கும்போது ஓரங்கள் கொஞ்சம் விரிய வேண்டியிருக்கும். இறுக்கமாக இருந்தால் அழுத்தாதீர்கள். எங்கே உரசுகிறது என்று பார்த்து, உள்பக்கத்தில் ராவுங்கள். புதுப் பெயிண்ட்டோடு பாடி விரிசல் விட்டால் அந்த மாலை முழுவதும் பேச்சே வராது.

கைப்பிடிகள், வைப்பர், பின்விளக்குகள் ஆகியவை அடுத்து. ரியர்வியூ கண்ணாடிகளைக் கடைசியிலும் கடைசியாக வையுங்கள். ஜப்பானில் கதவில் கண்ணாடி பொருத்த 1983 வரை அனுமதியில்லாததால் அவை முன் ஃபெண்டரின் மேல் ஒல்லியான காம்புகளில் நிற்கும். பாடியைத் தூக்கும்போது கை படுவதும், தூசி தட்டும்போது துணி மாட்டுவதும் அங்கேதான். என் முதல் ஃபேர்லேடியில் இடப்பக்கக் கண்ணாடி இன்றும் இல்லை. பாய்க்கு அடியில் எங்கோ இருக்கிறது.